வெறுங்காலோடு விளையாடலாமா? செருப்பின் சாதி வரலாறு



போன மாதம் எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் ஒரு சின்னச் சண்டை. தென்மாவட்டக் கிராமம் ஒன்றின் காலனியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற மையம் அது. படிப்பு தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் பிள்ளைகள் பக்கத்துப் பொட்டலில் விளையாடுவார்கள். வந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுவார்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்தால் கோல்போஸ்ட் தயார். மிச்சச் செருப்பெல்லாம் வேப்பமரத்தடியில் குவியும். வார் அறுந்து ஊக்கு குத்தியது, அண்ணன் போட்டுத் தேய்ந்தது, பள்ளிக்கூடத்தில் கொடுத்தது என்று எல்லா ரகமும் அந்தக் குவியலில் உண்டு.

வார இறுதியில் நகரத்திலிருந்து பாடம் சொல்லித்தர வரும் கல்லூரித் தோழி ஒருவர் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "வெறுங்காலோட மண்ணுல ஓடுனாதான் பாதம் நல்லா வளரும்னு படிச்சேன். எங்க அப்பார்ட்மென்ட்ல பிள்ளைங்களுக்கு இது கிடைக்காது" என்றார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க காலும் நல்லாத்தான் வளந்துச்சு தாயி. போட விட்டாங்களா எங்கள? இந்தப் பயலுகளாவது போட்டு நடக்கட்டும்னு பாத்தா, நீ கழட்டச் சொல்ற" என்றார். தோழி பதறிப்போய், "நான் கழட்டச் சொல்லல பாட்டி" என்றார். பேச்சு அதோடு நின்றது. அன்று இரவு நாங்கள் உட்கார்ந்து இதைப் பேசினோம். அடுத்த நாளும் பேசினோம். பிள்ளைகளை வெறுங்காலோடு விளையாட விடுவதா, செருப்பைக் கட்டாயம் ஆக்குவதா என்று முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பேசப் பேச, இது மருத்துவத்தோடு மட்டும் முடிகிற கேள்வி இல்லை என்பது தெரிந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 1930ஆம் ஆண்டுக்குப் போவோம். அந்த ஆண்டு டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. விதித்தவர்கள் கள்ளர் சாதியினர் என்று ஜே.எச்.ஹட்டன் எழுதியிருக்கிறார். ஹட்டன் 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இந்தியா முழுமைக்கும் நடத்திய அதிகாரி. தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் உடம்பின் மேல்பகுதியை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. எட்டாவது தடை நம் விஷயத்துக்கு நேராக வருகிறது: ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் போடக் கூடாது.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நம்மவர்களிடம் நகையே இல்லாதிருந்தால் நகைக்கு எதற்குத் தடை? யாரும் செருப்பு போடாமல் இருந்தால் செருப்பைப் பற்றி எதற்குப் பேச்சு? ரங்கூனுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய்வந்தவர்களும், பட்டாளத்தில் இருந்தவர்களும், நாலு எழுத்துப் படித்தவர்களும் சேரிகளில் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. சட்டையும் குடையும் செருப்புமாக ஊருக்குத் திரும்பியவர்களைப் பார்த்துப் பொறுக்காமல் பிறந்த பட்டியல் என்றே நாம் இதை வாசிக்கிறோம். தடைகளை மீறிய சேரிகளில் குடிசைகள் கொளுத்தப்பட்டதையும், தானியம் அழிக்கப்பட்டதையும், ஆடுமாடுகள் கொள்ளை போனதையும் ஹட்டனே பதிவு செய்கிறார். ஒரு ஜோடி செருப்புக்கு ஒரு வீடு விலையாக இருந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு எட்டு, பதினொன்று ஆனது. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று குழந்தைகளைப் பற்றியது. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. மிராசுதார்களின் மாடுகளை மேய்க்கத்தான் வேண்டும். ராமநாதபுரத்து வெயிலில் மாடு மேய்க்கும் பிள்ளையின் கால் எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பாட்டிமார் இன்றும் மடியில் முள்வாங்கி வைத்திருக்கிறார்கள். முள் எடுத்த இடத்தில் எருக்கம்பால் தடவுவது, சூடு காட்டுவது எல்லாம் அந்தக் காலத்துக் கை வைத்தியம். அந்தக் காலுக்கு ஓடியாடி விளையாடுகிற சுதந்திரத்தோடு சம்பந்தமே கிடையாது.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். இதற்கெல்லாம் ஆறு ஆண்டுகள் முன்பே, 1924இல், சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச்சாலை, தெரு, பொதுக்கிணறு, குளம் எல்லாம் எந்த வகுப்பினரும் புழங்குவதற்கு உரியவை என்றது அந்தத் தீர்மானம். அது நிறைவேறியது, அரசாணையும் வந்தது. ஆக, தெருவில் நடக்கும் உரிமை காகிதத்தில் கிடைத்துவிட்டது. ஊர் அதற்கு ஒரு மாற்று வழி கண்டுபிடித்து வைத்திருந்தது: 'நடந்துக்கோ, ஆனா செருப்பைக் கையில எடுத்துக்கோ.' நடப்பதைத் தடுக்க முடியாத இடத்தில், எப்படி நடப்பது என்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டது சாதி. செருப்புத் தடை இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறோம். வாசலில் ஆள் நிறுத்த வேண்டாம், சுவர் கட்ட வேண்டாம். குனிந்து செருப்பைக் கழற்றும் அந்த ஒரு விநாடியில் யார் யார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும்.

திருவிதாங்கூரிலும் இதே கதைதான். சாணார் பெண்களின் தோள்சீலைப் போராட்டம் நமக்குத் தெரியும். அதே மக்களுக்குச் செருப்பும் குடையும்கூடத் தடையாக இருந்தன. தோள்சீலை வரலாற்றைச் சொன்ன 'உடை' பற்றிய பாடம் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தது. 2019இல் அதைத் தூக்கிவிட்டார்கள். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். குறைக்க வேண்டிய சுமையாக அவர்கள் கண்ணுக்கு இது தெரிந்திருக்கிறது!

அதே பாடத்தில் இன்னொரு சம்பவமும் வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் முன்னால் இந்தியர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது கம்பெனி ஆட்சிக் காலத்து வழக்கம். 1862இல் சூரத் நீதிமன்றத்தில் மானக்ஜி காவஸ்ஜி என்ட்டி என்ற பார்சி அலுவலர் கழற்ற முடியாது என்று மறுத்தார். அது பெரிய விவாதம் ஆனது. அந்நியன் முன்னால் செருப்பைக் கழற்றுவது அவமானம் என்று படித்த இந்தியர்கள் பத்திரிகைகளில் எழுதினார்கள். அவமானம்தான், சந்தேகமே இல்லை. அதே காலத்தில் இந்த நாட்டின் தெருக்களில் கோடிப் பேர் தினமும் செருப்பைக் கழற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அது 'செருப்புப் பிரச்சினை' ஆகவில்லை, 'வழக்கம்' ஆனது.

செருப்பைத் தைத்தது யார் என்ற கேள்விக்கும் வர வேண்டும். கமலை இறைக்கும் தோல் சால், மாட்டுக்கு வார், சம்சாரிக்குச் செருப்பு என்று ஊருக்குத் தேவையான தோல் வேலை அத்தனையையும் செய்து கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அதற்குக் கூலி, களத்துமேட்டில் அளக்கும் தானியம். செய்த செருப்பை ஊர்த்தெருவுக்குள் எடுத்துப் போகலாம், காலில் போட்டுக்கொண்டு போக முடியாது. கைக்கு அனுமதி, காலுக்கு மறுப்பு.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் நம் மண்ணிலேயே இருக்கிறது. பாபநாசம் மலையில் காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயன் சன்னதிக்கு மக்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். சாமி இரவில் அதைப் போட்டுக்கொண்டு காவலுக்குப் போகிறார் என்பதும், அதனால் செருப்பு தேய்ந்திருக்கும் என்பதும் நம்பிக்கை. அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன் கதையின் நாயகன். பிராமணனாகப் பிறந்து சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்தவன். பெண்களின் தகப்பன் வாலப்பகடை பட்டனுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்: குடுமியையும் பூணூலையும் விட்டுவிட்டு, தோல் பதம் பண்ணிச் செருப்புத் தைத்துக் காட்ட வேண்டும். பட்டன் செய்து காட்டினான். நா.வானமாமலை பதிப்பித்த இந்தக் கதைப்பாடலை நம் மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். கோயிலுக்கு வெளியே கிடக்கும் செருப்பு இங்கே சாமிக்குப் படைக்கும் பொருளாகிறது என்றால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது சொன்னால் 2023 டிசம்பரை நினைவூட்டுங்கள். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் கம்பள நாயக்கன் தெரு என்று ஒரு தெரு. அந்த மாதம் சுமார் 60 அருந்ததிய மக்கள் காலில் செருப்போடு அந்தத் தெருவில் முதல்முறையாக நடந்தார்கள். அந்தத் தெருவில் செருப்பு போட்டு நடந்தால் மூன்று மாதத்தில் செத்துப்போவார்கள் என்று, தீண்டாமை சட்டப்படி ஒழிந்த பிறகு ஒரு மாந்திரீகக் கதை கட்டிவிடப்பட்டிருந்ததை அந்த ஊர் மக்கள் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவை ஒரு பொம்மையைப் புதைத்துச் சமாளித்திருக்கிறார்கள்.

இப்போது சட்டத்தில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பொது இடத்தில் செருப்பு போடுவது, புதுத்துணி உடுத்துவது, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவது, கல்யாண ஊர்வலம் போவது ஆகியவற்றைத் தடுத்தால் அது குற்றம் என்று அந்தத் திருத்தம் வரிசைப்படுத்துகிறது. 1930இன் தடைப் பட்டியலையும் 2015இன் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 85 ஆண்டு இடைவெளியில் ஒரே பொருட்கள் திரும்ப வருவது கண்ணில் படும்.

சரி, மருத்துவம் என்ன சொல்கிறது? தோழி படித்தது பொய்யில்லை. 1992இல் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் இந்தியாவில் 2300 குழந்தைகளின் பாதங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். போடாத குழந்தைகளில் 2.8 சதவீதம். மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், திறந்த செருப்பு போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. பாதத்தின் தசையும் வளைவும் உறுதியாக மண்ணில் ஓடுவது உதவுகிறது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கபடி ஆடும் எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் ஆய்வு இல்லாமலே இதைச் சொல்லிவிடுவார்கள். செருப்போடு எவன் கபடி ஆடுவான்?

ஆனால் எந்த மண் என்று கேட்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. இங்கேதான் கொக்கிப்புழுவின் வரலாறு வருகிறது. 1890களின் பிற்பகுதியில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், புழுக்குஞ்சுகள் இருந்த நீரைத் தவறுதலாகத் தன் கைமேல் சிந்திக்கொண்டார். தோல் சிவந்து அரித்தது. சில வாரங்களில் அவர் மலத்தில் கொக்கிப்புழு முட்டை தென்பட்டது. புழு வாய் வழியாகத்தான் போகிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். தோலைத் துளைத்தும் போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. நோயாளியின் மலத்தோடு முட்டை மண்ணில் விழும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரியும். அந்த இடத்தை வெறுங்கால் மிதித்தால் விரலிடுக்கு வழியாக உள்ளே போகும். ரத்தத்தில் நுழைந்து நுரையீரலுக்கு வந்து, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போய் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். பல நூறு புழு சேர்ந்தால் ரத்தசோகை. பிள்ளை வெளுத்துப்போகும், வகுப்பில் தூங்கும், ஓட முடியாது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1909இல் ராக்பெல்லர் பணத்தில் இந்தப் புழுவை ஒழிக்கும் இயக்கம் தொடங்கியது. அதற்கு முன்பே அங்குள்ள பத்திரிகைகள் இதற்கு 'சோம்பலின் கிருமி' என்று பெயர் வைத்திருந்தன. சோம்பேறிகள் என்று அதுவரை கேலி செய்யப்பட்ட ஏழைகள் உண்மையில் ரத்தமில்லாதவர்கள் என்பது தெரியவந்தது. 'சோம்பேறி' என்ற வசவு நமக்கும் பழக்கமானதுதான். 1916இல் அதே ராக்பெல்லர் அமைப்பு இலங்கைக்கு வந்தது. மலையகத் தோட்டங்களில் இருந்தவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். லயங்களில் நெருக்கிக் குடிவைக்கப்பட்டு, கழிப்பிடம் இல்லாமல், தேயிலைச் செடிகளுக்கு இடையிலேயே ஒதுங்கி, அதே ஈர மண்ணில் வெறுங்காலோடு கொழுந்து பறித்தார்கள். ஆளுக்கு மருந்து கொடுப்பதில் தோட்டத் துரைமார்களுக்கு ஆட்சேபம் இல்லை, மருந்து குடித்தவன் அதிகம் வேலை செய்வான். கழிப்பறை கட்டச் சொன்னால்தான் செலவு கணக்கு பேசினார்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் மருந்து குடித்த ஆள் அடுத்த மழைக்கு அதே புழுவைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

நூறு ஆண்டு கழிந்தும் அமெரிக்காவில் இந்தக் கதை முடிந்துவிடவில்லை. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அலபாமா மாநிலத்தின் லவுண்ட்ஸ் கவுண்டியில், வீட்டுச் சாக்கடை வெட்டவெளியில் ஓடுகிற பகுதியில் 55 பேரைப் பரிசோதித்தார்கள். 19 பேரிடம் கொக்கிப்புழுவின் தடயம் கிடைத்தது. ஆய்வு வெளியான ஆண்டு 2017. உலகின் பணக்கார நாட்டில், சாக்கடை இணைப்பு யாருக்குப் போய்ச் சேரவில்லையோ அவர்கள் காலடியில்தான் புழு இருந்தது.

இப்போது நம் காலனிக்குத் திரும்புவோம். ஊரின் தாழ்ந்த பக்கம், மழைத் தண்ணீர் வந்து தேங்குகிற பக்கம் எது? ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கமாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது? பஞ்சாயத்துக் குப்பை எங்கே கொட்டப்படுகிறது? உங்கள் ஊரை மனதில் ஓட்டிப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் விளையாடும் பொட்டலின் மேற்கு ஓரத்தில் கருவேலம் புதர். அதற்குள்தான் பலர் இன்னும் ஒதுங்குகிறார்கள். தெற்கில் ஊர்த்தெருவிலிருந்து வரும் சாக்கடை மூடியில்லாமல் வந்து தேங்குகிறது. குப்பையில் உடைந்த பாட்டில், ஊசி, பிளேடு எல்லாம் கிடக்கும். நகரத்து நண்பர்கள் சொல்லும் 'வெறுங்காலில் மண்ணை உணர்வது' புல்வெளியில் சரி. அடுத்தவர் கழிவு வந்து சேரும் மண்ணில் அதையே சொன்னால், சாதி செய்து வைத்த அநியாயத்தின் மேல் ஆரோக்கியம் என்று பெயரெழுதி ஒட்டுவது போல ஆகிவிடும்.

'அவங்க பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒண்ணும் செய்யாது, பழகுன உடம்பு' என்ற பேச்சும் நாம் கேட்டதுதான். மலக்குழியில் இறங்குகிறவருக்குக் கையுறை வேண்டாம் என்பதும் இதே 'பழகுன உடம்பு' வாதம்தான். எங்களில் சமூகவியல் படித்தவர்களுக்கு இதை விளக்கப் பெரிய பெரிய சொற்கள் தெரியும். பாட்டிக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது: "எங்க தோலு மட்டும் என்ன மாட்டுத் தோலா?"

எங்களை உண்மையில் கலங்க வைத்தது வேறொன்று. சண்டை நடந்த அதே வாரம், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனோடு ஊர்த்தெரு வழியாகத் தபால் நிலையத்துக்குப் போனோம். தெருமுனை வந்ததும் குனிந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான். தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை; திண்ணையில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். "யார்டா கழட்டச் சொன்னா?" என்று கேட்டோம். "யாரும் சொல்லல. தாத்தாகூட வரும்போது அவரு இங்கதான் கழட்டுவாரு" என்றான். தாத்தா ஏன் கழற்றுகிறார் என்பது அவனுக்குத் தெரியாது. பொட்டலில் செருப்பை உதறிவிட்டு ஓடுகிறவனும் அவன்தான், தெருமுனையில் குனிகிறவனும் அவன்தான். வெறுங்கால் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் கிடக்கின்றன. பாட்டியின் கோபம் எங்கிருந்து வந்தது என்பது அந்தத் தெருமுனையில்தான் எங்களுக்கு முழுதாகப் புரிந்தது.

அவனுக்குத் திட்டு ஒன்றும் விழவில்லை. அங்கேயே நின்று, செருப்பைப் போடச் சொல்லி, சேர்ந்து நடந்தோம். தபால் நிலையம்வரை அவன் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். அன்று மாலை தாத்தாவிடம் போய்ப் பேசினோம். அவர் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பழகிப் போச்சுப்பா. இனிமே அவன் முன்னாடி கழட்ட மாட்டேன்" என்றார். தான் கழற்ற மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை; அவன் முன்னால் மாட்டேன் என்றார். அதற்கு மேல் அவரை அழுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டு அரசு 2012இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒன்றாம் வகுப்பு தொடங்கிப் பத்தாம் வகுப்புவரை, இலவசச் செருப்பு கொடுக்கத் தொடங்கியது. 'இலவசம்' என்று முகம் சுளிப்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும். அளவு சரியில்லை, சீக்கிரம் அறுந்துவிடுகிறது என்று அந்தச் செருப்பில் நூறு குறை சொல்லலாம், நாங்களும் சொல்லியிருக்கிறோம். ஆனால் எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே மாதிரிச் செருப்போடு ஒரே வாசலில் நுழைவது சின்ன விஷயம் இல்லை. எங்கள் மையத்து அம்மாக்கள் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பரணில் வைத்து, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கிறார்கள். தேய்ந்துவிடும் என்ற பயம்.

கடைசியில் நாங்கள் என்னதான் முடிவெடுத்தோம் என்று கேட்பீர்கள். பிள்ளைகள் விளையாடும்போது வெறுங்காலோடு விளையாடலாம். ஆனால் மையத்துக்கு வரும்போது காலில் செருப்பு இருக்க வேண்டும், போகும்போதும் இருக்க வேண்டும். எந்த வழியாக வந்தாலும், ஊர்த்தெரு உட்பட. செருப்பு இல்லாத பிள்ளை யார் என்று கேட்டு எல்லார் முன்னாலும் நிறுத்துவதில்லை. வாங்கித் தர ஒரு சின்ன உண்டியல் வைத்திருக்கிறோம். பொட்டலில் வெயில் விழுகிற, காய்ந்த கெட்டி மண் உள்ள நடுப்பகுதிக்குக் கயிறு கட்டி எல்லை வைத்தோம். கொக்கிப்புழுக் குஞ்சு வெயிலிலும் வறட்சியிலும் பிழைக்காது. ஆபத்து அதிகம் புதர் நிழலிலும் சாக்கடை ஓரத்திலும்தான். மழை பெய்த நாட்களிலும் இருட்டின பிறகும் செருப்பில்லாமல் இறங்கக் கூடாது. தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும், இருட்டில் விரியன் கிடக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை எல்லாரும் விழுங்கினார்களா என்று பார்க்கிறோம். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய ரணஜன்னித் தடுப்பூசி யார் யாருக்கு விட்டுப்போயிருக்கிறது என்று செவிலியர் அக்காவோடு உட்கார்ந்து பட்டியல் எடுத்தோம். எட்டுப் பேருக்கு விட்டுப்போயிருந்தது.

சாக்கடைக்கு மூடி, குப்பைக்கு வேறு இடம், காலனிக்குத் தண்ணீர் வசதியோடு பொதுக் கழிப்பறை என்று மூன்று கோரிக்கைகளை எழுதி ஆகஸ்ட் 15 கிராமசபையில் கொடுக்க இருக்கிறோம். மனுவை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எழுதினார்கள். 1931இல் எழுதப் படிக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்ட மாவட்டத்தின் வழி வந்த பிள்ளைகள். கிராமசபை ஊர்த்தெருவில் உள்ள மண்டபத்தில்தான் நடக்கும். செருப்போடுதான் போகிறோம்.

தோழி அடுத்த வாரமும் வந்தார். பாட்டிக்கு வெற்றிலை வாங்கி வந்திருந்தார். இருவரும் இப்போது வேப்பமரத்தடியில் ஒன்றாக உட்காருகிறார்கள். விளையாட்டு முடிந்ததும் செருப்புகளை எண்ணிப் பார்த்து அனுப்புவது பாட்டியின் வேலை. நேற்று 17 ஜோடி, அதோடு ஒரு ஒற்றைச் செருப்பு. அது யாருடையது என்று இன்னும் தெரியவில்லை, கோல்போஸ்டுக்கு வைத்திருக்கிறோம்.